'ரன்' என்னும் வினை: ஓடுவதும் ஓட்டுவதும் நடத்துவதும்

எருமப்பட்டி வட்டாரப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

ஆங்கிலத்தில் மிக அதிகப் பொருள்களைச் சுமக்கும் வினை 'ரன்'. ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுக்கு இருந்தது. பிறகு அகராதியைத் திருத்திப் புதுப்பிக்கும் பணியில் 'ரன்' முந்திக்கொண்டது. வினையாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் தேறின என்பது 2011-இல் செய்தியாக வந்தது. அந்த ஒரு சொல்லை ஆராய்ந்து எழுதி முடிக்கப் பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியருக்கு ஏறத்தாழ ஒன்பது மாதம் பிடித்தது. தொடக்கப்பள்ளியில் அதே சொல்லுக்கு ஒதுக்கப்படுவது ஒரே ஒரு வரி: 'ரன் என்றால் ஓடு'. அந்த வரி சரியானதுதான். ஆனால் பிள்ளைகள் மேல் வகுப்புக்குப் போன பிறகும் அதற்கு அடுத்த வரியை யாரும் எழுதிப்போடுவதில்லை.

645 பொருளையும் எவரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அன்றாட ஆங்கிலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு போதும். அவற்றிலும் பெரும்பாலானவை பிள்ளைகள் தமிழில் தினமும் பேசுபவை. ஆறு ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, பஸ் ஓடுகிறது, படம் ஓடுகிறது. இந்த நான்குக்கும் ஆங்கிலத்தில் 'ரன்' பொருந்தும். தடைபடாமல் தொடர்ந்து போய்க்கொண்டே இருத்தல் என்பதுதான் இவற்றுக்கெல்லாம் பொதுவான கருத்து. காலால் ஓடுவது அதில் ஒரு வகை. தமிழும் ஆங்கிலமும் இந்த விஷயத்தில் வெகுதூரம் சேர்ந்தே போகின்றன. பிள்ளைகள் தடுமாறுவது இரண்டும் பிரியும் இடங்களில். வகுப்பில் நேரம் செலவிட வேண்டியதும் அங்கேதான்.

முதல் பிரிவு தன்வினை, பிறவினையில் தொடங்குகிறது. தமிழில் தானே ஓடுவது 'ஓடு'. பிறிதொன்றை ஓடச் செய்வது 'ஓட்டு'. ஒரு டகரம் இரட்டித்ததும் செய்பவர் யார், செய்யப்படுவது எது என்பது தெளிவாகிவிடுகிறது. ஆடு–ஆட்டு, உருள்–உருட்டு, திரும்பு–திருப்பு, நிரம்பு–நிரப்பு என்று இந்த இணைகள் தமிழில் ஏராளம். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு சொல்லின் உருவத்தில் பெரும்பாலும் தெரியாது. 'தி மோட்டார் ரன்ஸ்' என்றாலும் 'ஹி ரன்ஸ் தி மோட்டார்' என்றாலும் வினை ஒன்றே. பின்னால் செயப்படுபொருள் வருகிறதா இல்லையா என்பதை வைத்தே 'ஓடு'வா 'ஓட்டு'வா என்று தெரிந்துகொள்ள வேண்டும். வினைக்கு முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் பார்க்கப் பழகிய பிள்ளைக்கு இந்தச் சொல்லில் பாதி கைவந்துவிடும்.

ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் இந்த வேறுபாடு இருந்தது. பழைய ஆங்கிலத்தில் 'ரின்னன்' அல்லது 'இர்னன்' என்ற வினை தானே ஓடுவதையும் நீர் ஓடுவதையும் குறித்தது. 'ஏர்னன்' என்ற இன்னொரு வினை அதற்குப் பிறவினையாக அமைந்து, குதிரையை ஓட்டிச் செல்வது போன்ற பொருளில் வழங்கியது. காலப்போக்கில் இரண்டும் ஒலியில் நெருங்கிக் கலந்து ஒரே 'ரன்' ஆயின. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஜெர்மன் மொழியில் 'ரின்னன்' நீர் வழிந்தோடுவதற்கும், 'ரென்னன்' காலால் ஓடுவதற்கும் இன்றும் தனித்தனியே நிற்கின்றன. இந்த வரலாற்றை வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்கு ஒன்று புரியும்: ஓடுவதையும் ஓட்டுவதையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் தமிழுக்கு மட்டும் உரிய விசித்திரம் இல்லை, ஆங்கிலம் வழியில் தொலைத்துவிட்ட ஒன்று.

முழுவதும் தொலைக்கவும் இல்லை. சில இணைகள் மிஞ்சியிருக்கின்றன. 'ஃபால்' விழு, 'ஃபெல்' வீழ்த்து. மரம் விழுந்தால் முன்னது, மரத்தை வெட்டிச் சாய்த்தால் பின்னது. 'ரைஸ்' எழு, 'ரெய்ஸ்' எழுப்பு. 'லை' கிட, 'லே' கிடத்து. இந்தக் கடைசிச் சொல் நாமக்கல் மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயிலும் புழங்குகிறது. முட்டைக்கோழிப் பண்ணையை 'லேயர் பண்ணை' என்று சொல்லாதவர் இங்கே யார்? முட்டையைக் கீழே கிடத்தும் கோழி 'லேயர்'. அந்தப் பிறவினையால் நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை விளையும் மண்ணில், 'ரன்' என்ற வினையின் இரட்டைத் தன்மையைக் கற்பிக்க வேறு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

இன்னொரு சான்றும் பேச்சிலேயே இருக்கிறது. தமிழர் 'ரன்' என்ற சொல்லைக் கடன் வாங்கியபோது, ஆங்கிலம் தொலைத்த வேறுபாட்டை மறுபடி ஒட்டவைத்துவிட்டார்கள். கணினி வகுப்பில் 'ப்ரோக்ராம் ரன் ஆகலைங்க சார்' என்று ஒரு பையன் சொல்கிறான். 'மறுபடி ரன் பண்ணிப் பாரு' என்கிறார் ஆசிரியர். 'ரன் ஆகு' தன்வினை, 'ரன் பண்ணு' பிறவினை. யாரும் சொல்லித்தராமல் வந்த இலக்கணம் இது. இந்த இரண்டு வாக்கியங்களையும் கரும்பலகையில் எழுதி, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ரன்' ஒன்றே என்று காட்டினால், மேலே சொன்ன விளக்கம் முழுவதும் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும்.

எருமப்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த வினை அதிகம் தேவைப்படும் இடம் லாரி. 'எங்க மாமா அஞ்சு லாரி ஓட்டறாருங்க' என்று ஒரு பிள்ளை சொன்னால் ஊரில் எல்லோருக்கும் விளங்கும். மாமா ஐந்து லாரிக்கு உரிமையாளர். டிரைவர், கிளீனர் வைத்து, லோடு பிடித்து, டீசலுக்கும் டயருக்கும் வட்டிக்கும் கணக்குப் பார்த்துத் தொழில் செய்கிறார். 'எங்க அப்பா லாரி ஓட்டறாருங்க' என்றால், அப்பா ஸ்டியரிங் பிடிக்கிறார். தமிழில் இரண்டும் 'ஓட்டுகிறார்'. எண்ணும் சூழலும் பொருளைப் பிரித்துக் காட்டுகின்றன. ஆங்கிலத்தில் வினையே மாற வேண்டும். மாமா 'ரன்ஸ் ஃபைவ் லாரீஸ்'. அப்பா 'டிரைவ்ஸ் எ லாரி'. இரண்டுக்கும் 'டிரைவ்ஸ்' போட்டு எழுதினால், படிப்பவர் கண்ணுக்கு ஒரே மனிதர் ஐந்து வண்டிகளின் ஸ்டியரிங்கையும் பிடித்திருப்பதாகத் தெரியும். இரண்டுக்கும் 'ரன்ஸ்' போட்டால், சம்பளத்துக்கு வண்டியோட்டும் அப்பா முதலாளி ஆகிவிடுவார். 'என் குடும்பம்' என்ற கட்டுரையில் இது மதிப்பெண் பிரச்சினை. கல்லூரி உதவித்தொகை விண்ணப்பத்திலும் வங்கிக் கடன் படிவத்திலும் இது வாழ்க்கைப் பிரச்சினை. பெற்றோர் தொழிலைச் சரியான வினையால் எழுதத் தெரிவது இந்த மாவட்டத்துப் பிள்ளைக்குக் கட்டாயம் சேர வேண்டிய அறிவு.

சொந்த வண்டியைத் தாமே ஓட்டுபவர்களும் நாமக்கல்லில் உண்டு. அவர்களைப் பற்றி எழுதும்போது இரண்டு வினை வேண்டும்: 'ஹி ஓன்ஸ் எ லாரி அண்ட் டிரைவ்ஸ் இட் ஹிம்செல்ஃப்'. விசைத்தறிக்கும் இதே கணக்கு. பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் 'தறி ஓட்டறாங்க' என்றால் கூலிக்குத் தறியில் நிற்பவரையும் குறிக்கும், பத்துத் தறி போட்டிருப்பவரையும் குறிக்கும். முன்னவருக்கு 'ஒர்க்ஸ் அட் எ பவர்லூம்' அல்லது 'ஆபரேட்ஸ் எ பவர்லூம்' பொருந்தும். பின்னவருக்கு 'ரன்ஸ் எ பவர்லூம் யூனிட்'. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வெளிமாநிலங்களுக்குப் போய் போர்வெல் போடுகின்றன. 'ரிக் ஓட்டுகிறார்' என்பதிலும் முதலாளி, தொழிலாளி என்ற இதே வேறுபாட்டைப் பார்த்து எழுத வேண்டும்.

தமிழின் 'ஓட்டு' இன்னும் பல ஆங்கில வினைகளுக்கு ஈடாக நிற்கிறது என்பதையும் ஒருமுறை சொல்லிவிட வேண்டும். சைக்கிளும் பைக்கும் 'ரைடு'. காரும் பஸ்ஸும் மாட்டுவண்டியும் 'டிரைவ்'. விமானம் 'ஃப்ளை'. ஏர் ஓட்டுவது 'ப்ளவ்'. ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு போவதும் 'டிரைவ்'தான். 'ஐ ரன் மை சைக்கிள்' என்று எழுதும் பிள்ளை தமிழில் சரியாக யோசித்து ஆங்கிலத்தில் தவறிவிட்டது. அதைத் திருத்தும்போது 'தப்பு' என்று சுழிப்பதைவிட, எதை ஓட்டினால் எந்த வினை என்று காட்டுவது மேல்.

அடுத்தது 'நடத்து'. ஒரு தொழிலை, நிறுவனத்தை, வீட்டை நாள்தோறும் பொறுப்பாகக் கவனித்துக்கொள்வதற்கு ஆங்கிலத்தில் மிக இயல்பான வினை 'ரன்'. 'அவர் கோழிப்பண்ணை நடத்துகிறார்' என்பதற்கு 'ஹி ரன்ஸ் எ போல்ட்ரி ஃபார்ம்'. தமிழ் நடக்க வைக்கும் இடத்தில் ஆங்கிலம் ஓட வைக்கிறது. பேச்சில் 'பண்ணை வெச்சிருக்காங்க' என்பதே அதிகம். அதற்கு நேர் ஆங்கிலம் 'ஹேஸ்' அல்லது 'ஓன்ஸ்'. சொந்தமாக வைத்திருப்பதும் நடத்துவதும் வேறு வேறு. பண்ணை அண்ணன் பெயரில் இருக்கலாம். அண்ணன் ஊரில் இல்லாமல், தீவனம் அரைப்பது, தடுப்பூசி போடுவது, தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் நாமக்கல் விலையைப் பார்த்து வியாபாரியிடம் பேசுவது எல்லாம் தம்பியின் பாடாக இருக்கலாம். அங்கே 'ஓன்ஸ்' அண்ணனுக்கு, 'ரன்ஸ்' தம்பிக்கு. முடிவெடுக்கும் பொறுப்பு யாரிடம் இருக்கிறதோ அவருக்கே 'ரன்' உரியது. பண்ணையில் கூலிக்கு முட்டை பொறுக்குபவர் 'ரன்ஸ்' ஆக மாட்டார். அவர் அங்கே 'ஒர்க்ஸ்'.

கோழி விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. ஆங்கிலக் கதைப் புத்தகங்களில் 'சிக்கன் ரன்' என்று வந்தால் கோழியின் ஓட்டம் என்று பொருள் கொள்ளக்கூடாது. கூட்டை ஒட்டி, கோழிகள் வெளியே வந்து மேய்வதற்காக வேலி அடைத்துவிட்ட இடத்துக்கு அப்படிப் பெயர். கூண்டு வரிசைகளை மட்டும் பார்த்து வளரும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விளங்காது.

'நடத்து' என்ற சொல்லுக்கெல்லாம் 'ரன்' போட்டுவிடவும் முடியாது. தினந்தோறும் தொடர்வதற்கு 'ரன்'. ஒருமுறை நடந்து முடிவதற்கு 'ஹோல்டு' அல்லது 'கண்டக்ட்'. கடை, பள்ளி, விடுதி, பால் சங்கம், குடும்பம் ஆகியவை முதல் வகை. தேர்வு, கூட்டம், திருவிழா இரண்டாம் வகை. 'ரன் எ மீட்டிங்' என்று எழுதினால் கூட்டத்தைக் கூட்டியவரைவிட, அதில் தலைமை ஏற்று ஒழுங்காக நடத்திச் செல்பவரையே அது குறிக்கும். 'பாடம் நடத்துகிறார்' என்பது 'டீச்சஸ்' மட்டுமே. பயிற்சி வகுப்பு, மருத்துவ முகாம் போல ஒருமுறை என்றாலும் சில நாள் நீடிப்பவற்றுக்கு 'ரன்' வரும்.

இந்த வட்டாரத்தின் வரலாற்றிலிருந்தே இதற்கு வாக்கியங்கள் எடுக்கலாம். 1925-இல் ராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். நிறுவியது ஒருநாள் செயல், அதற்கு 'ஃபவுண்டட்'. அதன் பிறகு அவர் அங்கே கதரையும் மதுவிலக்கையும் வைத்து வருடக்கணக்கில் பார்த்த வேலைக்கு 'ரேன்'. ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' என்ற மதுவிலக்கு இதழ் வந்தது. கல்கி அதில் துணை நின்றார். இதழை நடத்துவதும் 'ரன்', இதழ் ஒரு கட்டுரையை வெளியிடுவதும் 'ரன்', இதழ் இத்தனை காலம் வெளிவந்தது என்பதும் 'ரன்'. ஒரே இதழைச் சுற்றி மூன்று பொருள்! குமாரமங்கலத்து டாக்டர் பி. சுப்பராயன் 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தார். அரசை நடத்தினார் என்பதற்கு 'ரேன் தி கவர்ன்மென்ட்' என்றால் இலக்கணம் சரி. வரலாற்றுப் பாடநூலின் மிடுக்குக்கு 'ஹெடட்' பொருந்தும். 'ரன்' எப்போதும் சற்று வீட்டுப் பேச்சின் நெருக்கம் கொண்ட சொல். அலுவல் கடிதத்தில் 'மேனேஜ்', 'அட்மினிஸ்டர்' போன்றவை அதன் இடத்தை எடுத்துக்கொள்ளும்.

'ஓட்டு' என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு சாயல் இருக்கிறது. 'கடையை ஓட்டிக்கிட்டிருக்கேன்', 'காலத்தை ஓட்டறோம்' என்பதில் சிரமத்தோடு தள்ளிக்கொண்டு போகிற வலி கேட்கும். ஆங்கில 'ரன்' அந்த வலியைச் சொல்லாது. 'ஐ ரன் எ ஷாப்' என்றால் கடை நடத்துகிறேன் என்பது மட்டும்தான். எப்படியோ சமாளிக்கிறோம் என்பதற்கு 'மேனேஜ்' அல்லது 'கெட் பை' வேண்டும்.

எந்திரங்களில் இரு மொழிகளும் சேர்ந்தே போகின்றன, இரண்டு இடறல்கள் நீங்கலாக. ஒன்று வேற்றுமை உருபு. 'இந்த வண்டி டீசல்ல ஓடுது' என்பதில் 'இல்' இருப்பதால் பிள்ளைகள் 'ரன்ஸ் இன் டீசல்' என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் அது 'ரன்ஸ் ஆன் டீசல்'. மின்சாரம், பேட்டரி, எரிவாயு எல்லாவற்றுக்கும் 'ஆன்'. இரண்டாவது 'ஓடும் பஸ்'. ஓடும் பஸ்ஸில் ஏறாதே என்பதை இந்தியாவில் 'ரன்னிங் பஸ்' என்று பரவலாகச் சொல்கிறார்கள். இங்கிலாந்து, அமெரிக்க வழக்கில் நகரும் வண்டிக்கு 'மூவிங்' என்பதே சொல். வண்டி சம்பந்தமாக அவர்கள் 'ரன்னிங்' என்றால் எஞ்சின் இயங்குவதைக் குறிக்கும். டீக்கடை முன்னால் லாரி ஆன்லயே நிற்கிறது. டிரைவர் இறங்கி டீ குடிக்கிறார். அந்த லாரி 'ரன்னிங்', ஆனால் 'மூவிங்' இல்லை. பழைய வண்டி விற்பவர் சொல்லும் 'ரன்னிங் கண்டிஷன்' இந்தப் பொருளிலேயே வருகிறது: எஞ்சின் கோளாறில்லாமல் இயங்குகிறது என்ற உத்தரவாதம் அது.

பஸ் ஓடுவதில் காலம் சார்ந்த ஒரு நுட்பமும் உண்டு. நாமக்கல்லுக்கும் துறையூருக்கும் இடையே எருமப்பட்டி வழியாகப் பஸ் ஓடுகிறது என்பது அன்றாட ஏற்பாடு. அதற்கு 'ரன்ஸ்'. 'ஓடிக்கிட்டிருக்கு' என்ற பேச்சை அப்படியே எடுத்து 'இஸ் ரன்னிங்' என்று எழுதினால், இப்போது இந்தக் கணத்தில் என்றோ, தற்காலிகமாக என்றோ பொருள்படும். 'மை ஃபாதர் இஸ் ரன்னிங் எ டீ ஷாப்' என்ற வாக்கியம் தமிழ்நாட்டு விடைத்தாள்களில் பழகிய முகம். அப்பா வேறு தொழிலுக்குப் போகும் வரை கொஞ்ச நாள் கடை பார்த்துக்கொள்கிறார் என்றால் அது சரி. பத்து வருடமாக அதுவே பிழைப்பு என்றால் 'ரன்ஸ்'. பஸ் தாமதமாக வருகிறது என்பதற்கு மட்டும் 'இஸ் ரன்னிங் லேட்' என்ற தொடர் தயாராக இருக்கிறது.

வண்டியின் பயணத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல்லில் ஓர் அழகு இருக்கிறது. 'ஜல்லி ரெண்டு நடை அடிச்சாச்சு' என்கிறார் டிப்பர் டிரைவர். ஆங்கிலத்தில் அந்த நடை 'ரன்': 'டூ ரன்ஸ்'. தமிழில் லாரி நடக்கிறது, ஆங்கிலத்தில் ஓடுகிறது. எதிர்த்திசையில், 'வண்டிக்கு ஓட்டமே இல்லைங்க' என்று வருத்தப்படுவதை 'நோ ரன்' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. லோடு கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள் என்பதால், வேலை இல்லை என்று 'நோ ஒர்க்' எழுத வேண்டும்.

நீருக்கு வந்தால், கொல்லிமலையில் ஆகாயகங்கையாக விழும் அய்யாறும், சேலத்தைக் கடந்து வரும் திருமணிமுத்தாறும் இரு மொழியிலும் ஓடுகின்றன. மூக்கு மட்டும் தமிழில் ஒழுகும், ஆங்கிலத்தில் ஓடும். குழாயைத் திறந்துவிட்டு மறந்துபோனாலும் ஆங்கிலத்தில் 'ரன்னிங்'. கிணறு வற்றிப்போவதற்கு 'ரன் டிரை'. இங்கே 'ரன்' ஓட்டத்தைக் குறிக்கவே இல்லை. ஒரு நிலைக்கு வந்துசேர்வதைக் குறிக்கிறது. 'பிகம்' இருக்கும் இடத்தில் 'ரன்' உட்கார்ந்திருப்பதால் பின்னால் பெயரடை வர வேண்டும், வினையடை வரக்கூடாது. 'ரன் லோ' கையிருப்பு குறைவது, 'ரன் ஷார்ட்' பற்றாமல் போவது. வானம் பார்த்த பூமியில் வாழும் பிள்ளைகளுக்கு 'தி வெல் ஹேஸ் ரன் டிரை' என்ற வாக்கியம் எந்தக் கோடையிலும் பயன்படும்.

சாலைகளும் மலைகளும் ஆங்கிலத்தில் ஓடும், தமிழில் போகும் அல்லது நீளும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் சாலைக்கும் 'ரன்ஸ்' பொருந்தும், அடிவாரத்துக்கு இணையாகப் போகும் வேலிக்கும் பொருந்தும். அசையாத பொருள் என்பதால் இந்தப் பொருளில் 'இஸ் ரன்னிங்' வரவே வராது.

திரைப்படம் ஓடுவதில் சிக்கலே இல்லை. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. ஆங்கிலத்திலும் அது 'ரேன்' என்றே எழுதப்படும். எத்தனை நாள் என்று சொல்ல 'ஃபார்' சேர்க்க வேண்டும் என்பது ஒன்றே குறிப்பு.

தேர்தலில் மூன்று வழக்கு இருக்கிறது. அமெரிக்கர் தேர்தலில் ஓடுவார்கள், 'ரன்'. பிரிட்டிஷார் நிற்பார்கள், 'ஸ்டாண்ட்'. தமிழரும் நிற்பார்கள்: 'பேரூராட்சிக்கு நிக்கறார்'. இந்திய ஆங்கிலப் பத்திரிகைகள் பெரும்பாலும் 'கண்டெஸ்ட்' என்று எழுதுகின்றன. எருமப்பட்டிப் பேரூராட்சித் தேர்தலைப் பற்றி எழுதும் மாணவர் 'கண்டெஸ்ட்' எழுதினால் போதும். அமெரிக்கச் செய்தியில் ஒருவர் அதிபர் பதவிக்கு 'ரன்னிங்' என்று படிக்கும்போது குழம்பாமல் இருப்பதற்கே இந்தப் பொருள் தேவை.

இடைச்சொல் சேர்ந்து வரும் கூட்டுவினைகள் பள்ளித் தேர்வுகளில் கேட்கப்படுவதால் ஆசிரியர்கள் அவற்றைப் பட்டியலாகக் கொடுத்துவிடுகிறார்கள். பட்டியல் தேர்வுக்குப் பிறகு தங்காது. நான்கை மட்டும் ஆழமாகச் சொல்லிக்கொடுப்பது நல்லது. 'ரன் அவுட்' தீர்ந்துபோவது. பால் தீர்ந்துவிட்டது என்பதை இரண்டு விதமாகச் சொல்லலாம். பாலை எழுவாயாக்கினால் 'தி மில்க் ஹேஸ் ரன் அவுட்'. வீட்டாரை எழுவாயாக்கினால் 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்'. இரண்டாவதில் 'ஆஃப்' விட்டுப்போவதுதான் வழக்கமான பிழை. 'ரன் ஓவர்' வண்டி ஏறிவிடுவது. 'ரன் இன்டு' மோதுவது. பின்னதற்கு எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது என்ற பொருளும் இருப்பதால், விபத்துப் புகாரிலும் காப்பீட்டுக் கோரிக்கையிலும் அதைத் தவிர்த்து 'ஹிட்' என்று எழுதுவதே பாதுகாப்பு. நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களில் அப்படிப்பட்ட காகிதம் எழுதும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரலாம். 'ரன் அவே' ஓடிப்போவது. தமிழில் 'ஓடிப்போயிட்டாங்க' என்றால் காதலர்களைப் பற்றிய பேச்சு. ஆங்கிலத்தில் வீட்டில் கோபித்துக்கொண்டு வெளியேறிய சிறுவனுக்கும் அதே தொடர். காதலர்களைத் தெளிவாகச் சொல்ல 'இலோப்' என்ற தனி வினை உண்டு.

வடிவங்கள் மூன்று: ரன், ரேன், ரன். 'கம்', 'பிகம்' போல முதலும் மூன்றும் ஒன்றாக இருக்கும் அபூர்வ வகை. நடுவில் மட்டும் உயிரொலி மாறும். 'ஹேஸ்', 'ஹேவ்', 'ஹேட்' ஆகியவற்றுக்குப் பின் 'ரேன்' எழுதுவது மிகப் பரவலான பிழை. அங்கே மூன்றாம் வடிவமான 'ரன்' வர வேண்டும். 'இங்' சேரும்போது 'என்' எழுத்தை இரட்டிக்க வேண்டும்.

மூன்றாம் வடிவத்தை மனதில் நிறுத்தக் கிரிக்கெட் போதும். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து போன டி. நடராஜன் 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்திய அணிக்காக ஆடத் தொடங்கியதிலிருந்து, இந்தப் பக்கத்தில் கிரிக்கெட் பேசாத வகுப்பறை இல்லை. ரன் எடுப்பதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்கோர்' அல்லது 'மேக்'. பந்து வீசுபவர் விட்டுக்கொடுக்கும் ரன்னுக்கு 'கன்சீட்'. கிரிக்கெட் விதிகளில் 38-ஆவதான ரன் அவுட்டில் ஆட்டக்காரர் தாமாக அவுட் ஆவதில்லை. களத்தில் நிற்பவர்கள் ஸ்டம்பைத் தட்டி அவரை அவுட் ஆக்குகிறார்கள். அதனால் வாக்கியம் செயப்பாட்டு வினையாகிறது, மூன்றாம் வடிவம் வருகிறது: 'ஹி வாஸ் ரன் அவுட்'. 'ஹி ரேன் அவுட்' என்று எழுதினால் அவர் வெளியே ஓடினார் என்று பொருள். அவுட் ஆக்கியவரைச் சொல்ல வேண்டுமானால் 'பை' சேர்த்து அவர் பெயரைப் போட வேண்டும். அவுட் ஆக்கியவரையே எழுவாயாக வைத்துத் தொடங்கினால் வினை 'ரேன்' ஆகி, ஆட்டக்காரர் 'ரேன்'-க்கும் 'அவுட்'-க்கும் நடுவில் வந்து உட்காருவார்: 'தி ஃபீல்டர் ரேன் ஹிம் அவுட்'.